யூ தோங் சென்: ஈயலம்பத் தௌக்கேயின் மகனைப் பற்றி கோப்பேங் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கில், கோப்பேங், கம்பார், பத்து காஜா சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஈயலம்பக் (ஈயச் சுரங்கக்) குட்டைகள் பழகியவை. மீன் பிடித்திருப்பார்கள், கரையில் மாடு மேய்த்திருப்பார்கள். அந்தக் குட்டைகளைத் தோண்ட வைத்த தௌக்கேகளைப் (சீன முதலாளிகளைப்) பற்றிக் கேட்டால்தான் ஆளுக்கு ஒரு கதை வரும். வரலாற்றுப் பாடத் திட்டப்பணிக்காக வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும், உடன் வரும் பெற்றோரும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு, உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிலாகத் தந்திருக்கிறோம்.

யூ தோங் சென்னுன்னா யாருங்க? ரோட்டுப் பேருல இருக்கிற யூ கோங்கும் அவரும் ஒரே ஆளா?

இல்லை. யூ கோங் அப்பா, யூ தோங் சென் மகன். யூ கோங் தென்சீனத்தின் ஃபோஷான் பகுதியிலிருந்து 1870-களில் மலாயாவுக்கு வந்து கோப்பேங்கில் ஈயலம்பத் தொழிலில் இறங்கியவர். 1879இல் இங்கே ஒரு மருந்துக் கடையும் திறந்தார். இன்று பேரங்காடிகளில் நாம் பார்க்கும் 'யூ யான் சாங்' சீன மருந்துக் கடைகளின் தொடக்கம் அந்த ஒரு கடைதான். கோப்பேங்கில் உள்ள சாலைப்பெயர் அப்பாவுடையது.

மகன் யூ தோங் சென் 1877இல் பினாங்கில் பிறந்தார், 1941இல் ஹாங்காங்கில் இறந்தார். அப்பா விட்டுச்சென்ற லம்பங்களையும் கடையையும் பல மடங்கு பெருக்கி, மலாயாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரானார். சிங்கப்பூரில் சைனாடவுனை ஒட்டி ஓடும் யூ தோங் சென் சாலை இவர் பெயரில் உள்ளது. கட்டுரை எழுதும் பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: கடையைத் தொடங்கியவர் அப்பா, அதை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் மகன்.

பேரை எப்படி வாசிக்கிறது? 'இ-யு'வா, 'யூ'வா?

'யூ' என்றே சொல்லுங்கள். ரோமன் எழுத்தில் இரண்டு எழுத்தாக இருப்பதால் வரும் குழப்பம் இது. 'யூ' என்பது குடும்பப் பெயர், சீன வழக்கப்படி முன்னால் வரும். எனவே 'திரு. சென்' என்று எழுதுவது தவறு, 'திரு. யூ' என்பதே சரி.

ஈயம்னா காரீயமா? உடம்புக்குக் கெடுதல்னு சொல்றாங்களே?

கிந்தாவில் எடுத்தது வெள்ளீயம். காரீயம் வேறு உலோகம், நச்சுத்தன்மை உள்ளது. நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் செம்பு வெள்ளீயத்தால் ஆனது, பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் அதுதான். ஈயச் செம்பை வெறுமையாக அடுப்பில் வைக்கக்கூடாது என்று பாட்டிமார் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் கொதிக்கும்வரை சூடு நூறு டிகிரியைச் சுற்றியே நிற்கும், நீர் வற்றிவிட்டால் அடி கழன்றுவிடும். காரீயம் கலந்து மலிவாக விற்கும் செம்புகளும் உண்டு என்பதால், ஈயச் செம்பை மட்டும் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

உலகம் மலாயா ஈயத்தைக் கேட்டது ரசச் செம்புக்காக அல்ல. மெல்லிய எஃகுத் தகட்டின் மேல் ஈயம் பூசினால் துருப்பிடிக்காது. டின்பால், சார்டின், மண்ணெண்ணெய் எல்லாம் அந்தத் தகட்டு டின்களில்தான் ஊர் ஊராகப் போயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து சென்றது, அதில் பெரும்பங்கு கிந்தாப் பள்ளத்தாக்கினுடையது.

லம்பத்துல ஈயத்தை எப்படித்தான் எடுத்தாங்க? தங்கம் மாதிரி சுரங்கப் பாதை தோண்டியா?

கிந்தாவில் பெரும்பாலும் திறந்தவெளிக் குழிகள்தான். மலையிலிருந்து கரைந்து வந்த ஈயக்கல், பள்ளத்தாக்கு மண்ணுக்கு அடியில் சரளையோடு சரளையாகக் கிடந்தது. அந்தச் சரளைப் படுகையை மலாயில் காராங் என்பார்கள். மேல்மண்ணை அகற்றி, காராங்கை வெட்டி, நீரோடையில் கழுவினால் ஈயக்கல் தங்கும். காரணம் எடைதான். ஈயக்கல் நீரைப்போல் ஏறத்தாழ 7 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்கைத் தாண்டிச் சற்றே கூடுதல். ஓடும் நீர் மணலைத் தள்ளிக்கொண்டு போகும், ஈயக்கல்லைத் தள்ள முடியாது. டுலாங் என்ற மரத்தட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பெண்கள் செய்ததும் இதே வேலைதான்.

யூ கோங் காலத்தில் மண்வெட்டியும் கூடையும் காவடித்தண்டும்தான் கருவிகள். படி வெட்டிய மரத்தடியில் ஏறி ஆள் மண்ணை மேலே கொண்டுவர வேண்டும். குழியில் ஊறும் நீரை இறைக்கத் தொடக்கத்தில் சங்கிலிப் பலகை இறைவை, பிறகு நீராவி பம்பு. மகன் காலத்தில் முறை மாறியது. உயர் அழுத்தத்தில் பீய்ச்சும் நீர்க்குழாய் கரையை அறுத்துக் கூழாக்கும், அந்தக் கூழைச் சரளை பம்பு உறிஞ்சி, உயரமான மரச் சட்டங்களின் மேல் சாய்வாக நிற்கும் பலோங் என்ற நீண்ட மரத் தொட்டிக்கு ஏற்றும். பலோங்கின் குறுக்கே கட்டைகள் அடித்திருக்கும். ஈயக்கல் அந்தக் கட்டைகளின் பின்னால் படியும், மணலும் நீரும் கடைவாயில் கொட்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, படிந்ததை வாரி, சிறு தொட்டியில் மீண்டும் கழுவி உலர்த்துவார்கள். கூடவே கிடைக்கும் கறுப்பு மணல் அமாங், அதை இன்னொரு கொட்டகை வாங்கிக்கொள்ளும்.

கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்திருக்க வேண்டும். பலோங்கின் சாய்வு கூடினால் பொடி ஈயம் மணலோடு போய்விடும், சாய்வு குறைந்தால் மணல் அடைத்துக்கொள்ளும். கரையை அடியில் அறுத்துக்கொண்டே போனால் மேல்கரை ஆட்களோடு சரியும். கழிவு மணலை ஆற்றில் விட்டால் ஆறு மேடாகி, அடுத்த மழைக்கு ஊர் முழுகும். கிந்தாவில் இவை மூன்றுமே நடந்தன.

அப்பா செத்தப்போ இவர் சின்னப் பையன்தானே? சொத்து எப்படிக் கைக்கு வந்துச்சு?

யூ கோங் 1890இல், நாற்பது வயது ஆகுமுன்னே இறந்தார். மகனுக்கு அப்போது 13 வயது. சிறுவயதிலேயே தாத்தா பாட்டியிடம் வளர ஃபோஷானுக்கு அனுப்பப்பட்டிருந்தவர் அவர். 1892இல் மலாயா திரும்பி ஆங்கிலம் கற்றார். 21 வயது நிறைந்து, 1898இல்தான் முழுப்பொறுப்பை ஏற்றார்.

இடையிலுள்ள எட்டு ஆண்டுகளைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். முதலாளி இல்லாத லம்பம் வேகமாகக் கரையும். காராங் தீர்ந்த குழிக்கு விலை கிடையாது, அடுத்த நிலத்துக்கு மனுப்போட ஆள் வேண்டும், கொடுத்த முன்பணத்தை வசூலிக்க ஆள் வேண்டும். அவ்வளவுக்குப் பிறகும் கைக்குச் சேர்த்துப் பெருக்கக்கூடிய அளவுக்கு சொத்து மிஞ்சியது.

லம்பத்துக்காரர் எதுக்கு மருந்துக் கடை வெச்சார்?

அன்றைய லம்பத் தொழிலாளி ஊரிலிருந்து தனியாக வந்தவன். காட்டுக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காலில் ஆறாத புண், உடல்வலி என்று எப்போதும் ஏதாவது ஒன்று. வலிக்கு எளிதில் கிடைத்தது அபின். நாள் போக்கில் அதுவே நோயாகிவிடும். அவர்களுக்குத் தெரிந்த சீன மூலிகை மருந்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார் யூ கோங். 'யான்' என்பது கருணை, 'சாங்' என்பது உயிர், வாழ்வு. மனிதரைப் பேணுதல் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

இதில் கருணையும் உண்டு, கணக்கும் உண்டு. படுத்துக் கிடக்கும் ஆளால் குழியில் வேலை ஓடாது, வாங்கிய முன்பணமும் திரும்பாது.

ஒரு கையில அபினை வித்து, இன்னொரு கையில அபினுக்கு மருந்து வித்தாங்களா?

அப்பா காலத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ அப்படித்தான். பிரிட்டிஷார் தாங்களே வரி வசூலிக்காமல் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றை ஏலத்தில் குத்தகைக்கு விட்டார்கள். ஏலத்தொகையை அரசுக்குக் கட்டியவர் அந்த வட்டாரத்தில் தனியுரிமையோடு விற்கலாம். யூ கோங் இப்படிப்பட்ட குத்தகைகளை எடுத்தவர். ஈய விலை இறங்கிய ஆண்டுகளிலும் லம்ப முதலாளிகள் தாக்குப்பிடித்தது குத்தகை வருமானத்தால்தான். கூலியாகப் போன காசு அபின் கடை வழியாகவும் சூதாட்டக் கொட்டகை வழியாகவும் திரும்பி வந்துவிடும்.

தோட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தோட்டக் கள்ளுக்கடையை நினைத்துப் பாருங்கள். கடை நிர்வாகத்தின் பொறுப்பில், அதே நிர்வாகத்தின் ஆஸ்பத்திரி நாலு லயம் தள்ளி, கள்ளு லாபத்தில் ஒரு பகுதி தொழிலாளர் நலனுக்கு என்று கணக்கு. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடையை மூடச்சொன்னது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. பழக்கமும் மருந்தும் ஒரே முதலாளியிடம் இருந்த ஏற்பாடு லம்பத்துக்கு மட்டும் உரியதல்ல.

பேராக் அடங்கிய கூட்டரசு மலாய் மாநிலங்களில் சூதாட்டக் குத்தகை 1912ஆம் ஆண்டு முடிவோடு நின்றது. அபின் விற்பனையை அதற்கு முன்பே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. நிறுத்தியது அபினை அல்ல, குத்தகையைத்தான்.

லம்பத்துல கூலி எப்படிக் கணக்குப் போட்டாங்க? தோட்டம் மாதிரி பேர் போட்டா?

மூன்று வகை இருந்தது. மாதக் கூலி ஆள் ஒரு வகை. பங்கு ஆள் இன்னொரு வகை: ஈயம் விற்ற பிறகு கழிவு போக மீதத்தைப் பிரித்துக்கொள்வார்கள், காராங் மெலிந்தால் ஒன்றும் மிஞ்சாது. மூன்றாவது மண் குத்தகை. இதில் அளவு 'சாங்' (கடைப்பெயரில் உள்ள சாங் அல்ல, இது வேறு சொல்). 30 அடி நீளம், 30 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் தோண்டினால் ஒரு சாங், அதாவது 1,350 கன அடி. ஈரமண் கணக்கில் 60 டன்னைத் தாண்டும். ஒரு நடைக்கு 20 கிலோ என்று வைத்தால் 3,000 நடைக்கு மேல், அதுவும் படி வெட்டிய மரத்தடியில்.

பணம் மாதாமாதம் கைக்கு வராது. கணக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறைதான். அதுவரை அரிசி, எண்ணெய், உப்புமீன், புகையிலை, அபின் எல்லாம் முதலாளியின் அல்லது முன்பணம் கொடுத்தவரின் கடையில் கடன், சந்தை விலையை விடக் கூடுதலாக. தீர்வு நாளில் கழிக்கவேண்டியதைக் கழித்தால் பலருக்குக் கைக்கு வருவது சொற்பம், சிலருக்கு மீதிக் கடன். மளிகைக் கடை நோட்டில் பேர் ஏறிய தோட்டக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

ஈயம் எடை போட்டது பிக்குலில். ஒரு பிக்குல் 100 கட்டி, அதாவது 60.48 கிலோ. பழைய ஆவணத்தில் பிக்குல் கணக்கைப் பார்த்தால் 60 ஆல் பெருக்குங்கள், கிலோ வந்துவிடும்.

வாரிசுன்னா அப்பா சம்பாதிச்சதை வெச்சுக்கிட்டவர்தானே? இவர் தனியா என்ன செஞ்சார்?

மூன்று காரியங்களைச் சொல்லலாம். முதலாவது, லம்பங்களைப் பேராக்கிலும் வெளியிலும் பெருக்கி, ஆயிரக்கணக்கான ஆட்களை வேலைக்கு வைத்தார். இரண்டாவது, ஈயம் ஒன்றையே நம்பி இருக்கவில்லை. ரப்பர் தோட்டங்கள், நகரங்களில் கட்டடங்கள் என்று பணத்தைப் பிரித்துப் போட்டார். யூ யான் சாங் கிளைகளை ஹாங்காங்கில் 1909இலும் சிங்கப்பூரில் 1910இலும் திறந்தார். 1920இல் சிங்கப்பூரில் லீ வா வங்கி தொடங்கியதிலும் முன்நின்றார்.

மூன்றாவதுதான் நுட்பமானது, பலர் கவனிக்காததும் கூட. மருந்துக் கடை மூலமாகவே தொழிலாளிகளின் பணத்தைச் சீனாவுக்கு அனுப்பும் வேலை நடந்தது. எழுதத் தெரியாதவன் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதப்படும், தொகை பதிவாகும், அங்கே வீட்டில் பணத்தைக் கொடுத்துப் பதில் கடிதம் வாங்கி வருவார்கள். நம்மவர்கள் தபாலாபீசில் மணியார்டர் கட்டியதற்கு ஈடானது இது. ஆனால் ஒரு வேறுபாடு. கட்டிய நாளுக்கும் கொடுத்த நாளுக்கும் இடையில் அந்தப் பணம் வட்டியில்லாமல் கடையின் கையில் இருக்கும். ஆயிரம் பேர் பணம் ஒன்றுசேர்ந்தால் அது தொழிலுக்கு நல்ல முதல். மருந்து, முன்பணம், பணம் அனுப்புதல், வங்கி எல்லாம் ஒரே நூலில் கோத்தவை. குழியில் கிடைத்த ஈயத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குடும்பம் எப்படிப் பெருகியது என்பது விளங்காது.

லம்பத்துல சீனர்களும் தோட்டத்துல நம்மளும்னு ஏன் பிரிஞ்சுது?

ஆள் எடுத்த வழி வேறு. லம்பத்துக்கு ஆட்கள் சீனத் தரகர்கள், கொங்சிகள் (சீனத் தொழில் கூட்டமைப்புகள்) மூலமாக வந்தார்கள். தோட்டத்துக்குக் கங்காணி மூலம். 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்கு, தமிழ்த் தொழிலாளர் வைத்திருந்த முதலாளிகள் ஆள்கணக்கில் பணம் கட்டினார்கள், அதிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகு கங்காணி வழி மேலும் வலுத்தது. திறமையாலோ பிறப்பாலோ வந்த பிரிவு அல்ல, ஆள் பிடித்த ஏற்பாட்டால் வந்தது.

முழுப் பிரிவும் அல்ல. கிந்தாவின் ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் தமிழர் உழைப்பு உண்டு. ஈயம் ரயில் ஏறித்தான் துறைமுகம் போனது.

நோய் வந்தா என்ன செஞ்சாங்க? நம்ம ஆளுங்களுக்கு பெரிபெரி வரலைன்னு சொல்றாங்களே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். பெரிபெரியில் கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுபோகும். லம்பத்துச் சீனத் தொழிலாளர்களிடையே அது ஏராளமான உயிர்களைக் குடித்தது. பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்களிடம் மிகக் குறைவு. காரணம் சோறு. அவர்கள் தின்றது தீட்டிய பச்சரிசி, நம்மவர்கள் தின்றது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தையமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடும், தீட்டினாலும் முழுதாகப் போகாது.

1905இல் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு பாதிக்குத் தீட்டிய அரிசியும் மறுபாதிக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். புழுங்கல் தின்றவர்கள் தப்பினார்கள். ஃபிரேசர், ஸ்டேன்டன் என்ற மருத்துவர்கள் அடுத்து மலாயாவில் செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. மூலிகைக் கடைகள் எத்தனை இருந்தும், முதலாளி கடனுக்குக் கொடுத்த அரிசியே நோயாக இருந்ததை அதுவரை பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் பிள்ளைகள் நினைவில் வைக்க முடியும் என்றால், எங்கள் விருப்பம் இதுதான்.

நம்மவங்க யாரும் லம்ப முதலாளியா இருந்ததில்லையா?

இருந்தார். கா. தம்புசாமிப் பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டோடு (ஆட்சி ஆலோசகரோடு) சிலாங்கூருக்கு எழுத்தராக வந்தவர். லோக் யூ என்ற சீன முதலாளியோடு சேர்ந்து ரவாங்கில் ஈயலம்பம் நடத்தினார். நாட்டில் மின்சாரம் முதன்முதலாக ஓடிய இடங்களில் ஒன்று அந்த லம்பம், பம்புகளை ஓட்டுவதற்காக. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயில், 1891இல் பத்துமலை முருகன் வழிபாடு, விக்டோரியா கல்விக்கூடம் ஆகியவற்றின் தொடக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. 1902இல் இறந்தார். யூ தோங் சென்னோடு ஒப்பிட்டு எழுத விரும்பும் மாணவருக்கு இவரை விடப் பொருத்தமானவர் இல்லை. யூ தோங் சென் வாரிசு, தம்புசாமி சொந்த முயற்சியில் முன்னுக்கு வந்தவர்.

கெல்லி கோட்டையும் யூ தோங் சென் கட்டினதுதானே?

இல்லை. கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் வழியில் உள்ள கெல்லி கோட்டையைக் கட்டத் தொடங்கியவர் வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கிந்தா கெல்லாஸ் தோட்டத்து முதலாளி. 1926இல் லிஸ்பனில் இறந்துபோனதால் கட்டடம் முடியாமல் நின்றது. அருகிலுள்ள மாரியம்மன் கோயில் கூரையில், சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். அது அவரே, தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கோயில் கட்ட உதவியதற்கு நன்றியாக. யூ தோங் சென் கட்டிய கோட்டைகள் ஹாங்காங்கில் இருந்தன.

அவர் என்னென்ன தானம் செஞ்சார்? உறுதியானதை மட்டும் சொல்லுங்க.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு டாங்கியும் போர் விமானமும் வாங்கிக் கொடுத்தார். டாங்கியின் விலை 6,000 பவுன். அதன் முகப்பில் இரண்டு கண்கள் வரைந்திருந்தார்கள், சீனப் படகுகளில் வரைவதுபோல, வழி தெரியவேண்டும் என்று. பிரிட்டனின் டாங்கிப் படைப்பிரிவு ஒன்று இன்றும் தன் வண்டிகளில் அந்தக் கண்ணை வரைகிறது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் அவர் பணத்தில் எழுந்த உடற்பயிற்சிக் கூடம் 1936இல் திறக்கப்பட்டது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்லூரிக்கும் கொடுத்திருக்கிறார்.

ஊரெங்கும் 'இந்தப் பள்ளியும் அவர் கொடுத்தது, அந்த ஆஸ்பத்திரியும் அவர் கொடுத்தது' என்று சொல்வார்கள். கட்டடத்தில் கல்வெட்டோ பதிவோ இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

டாங்கி வாங்கிக் கொடுத்ததெல்லாம் தர்மத்துல சேருமா?

பொதுக்கொடை என்று எழுதலாம், தர்மம் என்ற சொல் பொருந்தாது. அவர் 1911 முதல் 1920 வரை கூட்டரசு மாநிலங்களின் சட்டசபையில் சீன உறுப்பினராக இருந்தவர். லம்ப நிலம், நீர் உரிமை எல்லாம் அரசின் கையெழுத்தில் கிடைப்பவை. ஆட்சியாளரோடு நல்லுறவு அவர் தொழிலுக்கு மண்வெட்டியைப் போலத் தேவையானது. பிறகு பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருதும் கிடைத்தது. கல்விக்குக் கொடுத்ததைத் தனியாக, போருக்குக் கொடுத்ததைத் தனியாக எழுதுவதே நேர்மை.

உழைச்சவங்க காசைத்தானே திருப்பிக் கொடுத்தார்? அவரைக் கொடைவள்ளல்னு எழுதலாமா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, பெரும்பாலும் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் கேட்பது. கூலிக் கணக்குக் கேள்விக்கும் அபின் கேள்விக்கும் சொன்ன பதில்களை முதலில் படியுங்கள். லாபம் வந்த வழி அங்கே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வள்ளல் என்று எழுதினால் பாதிக் கதை.

ஆனால் கொடுத்ததையும் மறைக்கக்கூடாது. அதே காலத்தில் அதே வழியில் சம்பாதித்து ஒரு காசும் கொடுக்காமல் போனவர்கள் பலர். எங்கள் கருத்து இது: 'கொடை செய்தவர்' என்று எழுதுங்கள், எதைக் கொடுத்தார் என்று எழுதுங்கள், அடுத்த வரியிலேயே ஒரு சாங் மண்ணின் கணக்கையும் எழுதுங்கள். கொடை பெற்ற கட்டடங்கள் பெரும்பாலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இருக்கின்றன, தோண்டிய குழிகள் இங்கே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்ப்பை வாசிப்பவரே சொல்லிக்கொள்வார்.

கட்டடம் கட்டிக்கிட்டே இருந்தா சாவு வராதுன்னு ஜோசியர் சொன்னாராமே?

அது வாய்வழிக் கதை. அவர் தாத்தா மனை பார்ப்பவர் என்பதால் இந்தக் கதை ஒட்டிக்கொண்டது போலும். உண்மை என்னவென்றால், நிறையக் கட்டினார்: சிங்கப்பூரில் சோஃபியா குன்றின் மேல் யூ வில்லா, ஹாங்காங்கில் யூகிளிஃப், யூஸ்டன், சிர்மியோ என்ற மூன்று மாளிகைகள். யூகிளிஃபில் 1941 டிசம்பரில் ஜப்பானியர் போர்க்கைதிகளைக் கொன்றார்கள். அவர் அந்த ஆண்டு மே மாதமே இறந்துவிட்டார். யூ வில்லாவும் யூகிளிஃபும் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள்.

அவ்வளவு சொத்தும் இப்போ எங்கே?

மகன்கள் மட்டும் 13 பேர். போர் முடிந்தபின் சொத்து பிரிந்தது. லீ வா வங்கி 1970-களில் யூ.ஓ.பி. வங்கியின் கைக்குப் போனது. யூ யான் சாங் குடும்பத்தின் கையை விட்டுப் போய், 1990-களில் பேரன் தலைமுறை அதைத் திரும்ப வாங்கியது. 2024இல் ஜப்பானின் ரோத்தோ, மிட்சுயி நிறுவனங்கள் பெரும்பங்கை வாங்கின. ஈயலம்பங்களில் குடும்பத்துக்கு இன்று ஒன்றும் இல்லை. கடைப்பெயர்தான் நின்றது.

லம்பங்களை ஏன் மூடிட்டாங்க? ஈயம் தீர்ந்துபோச்சா?

நல்ல காராங் குறைந்துகொண்டே வந்தது உண்மை. ஆனால் அடி விழுந்தது 1985 அக்டோபரில். ஈயத்தை வாங்கிக் குவித்து விலையைத் தாங்கிக்கொண்டிருந்த பன்னாட்டு ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. விலை சரிந்ததும் பம்புக்கு டீசல் ஊற்றும் செலவுகூடக் கட்டுப்படியாகாமல், கிந்தாவில் லம்பங்கள் வரிசையாக மூடின. வேலை இழந்தவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். கோப்பேங் வீதியில் பூட்டிய கடைவீடுகள் அந்த ஆண்டுகளின் தடம்.

பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்க என்ன இருக்கு?

ஒரு நாளில் முடிக்கலாம். காலையில் கோப்பேங் அருங்காட்சியகமும் யூ கோங் சாலைக் கடைவீடுகளும். அங்கே டுலாங் தட்டு இருந்தால் பிள்ளைகளை அதன் சாய்வைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கம்பாரில் உள்ள கிந்தா ஈயச் சுரங்க அருங்காட்சியகம், பலோங் எப்படி நிற்கும் என்று அங்கே விளங்கும். மதியத்துக்கு மேல் பத்து காஜா வழியாக தஞ்சோங் துவாலாங். அங்கே நிற்கும் 5ஆம் எண் ஈயக்கப்பல் (மிதந்தபடியே ஈயம் தோண்டிய பெரிய இயந்திரம்) 1938இல் கட்டியது, எடை 4,500 டன். அது பழுதுபார்ப்புக்காக மூடப்படுவதுண்டு, புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கெல்லி கோட்டையும் மாரியம்மன் கோயிலும் கோப்பேங்–பத்து காஜா சாலையில்தான், திரும்பும் வழியில் நிறுத்தலாம்.

லம்பக் குட்டைக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள். கரை மணல் உறுதியாகத் தெரியும், காலை வைத்தால் அடி சரியும், ஒரு எட்டில் ஆழம் தலைக்கு மேல் போய்விடும். கரையிலிருந்து பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே போதும்.